எஸ்தர் விட்ட இடம்

“விட்ட எடத்துலேர்ந்து படிம்மா” என்றார் என் மாமியார்.

அந்தப் புத்தகத்தை அதற்கு முன்னால் நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

மத்தியானம் மூன்று மணி. ராயபுரத்தில், துறைமுக மதிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷன். கல்யாணமாகி வந்து நாலாவது நாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் ஞானம்மா மரப்பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் வீடுகளில் எதுவுமே வெள்ளையாக இருக்காது. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். கொடியில் காயும் துணி, தண்ணீர்க் குடத்தின் மூடி, தலையணை உறை, எல்லாவற்றிலும் மெல்லிசாகக் கரி. அந்த வீட்டில் கரி படியாத பொருள்கள் இரண்டுதான். ஒன்று அந்த வேதாகமம். மற்றொன்று, வாசலில் சுவரோரமாக வைத்திருந்த ஒரு ஜோடிப் பெண்பிள்ளைச் செருப்பு. அதை மாமியார் தினமும் துடைப்பதைப் பார்த்திருந்தேன். என்னுடையது அல்ல. என் அளவுதான்.

புத்தகத்தின் நடுவே ஒரு சிவப்பு ரிப்பன். பல வருடம் ஒரே இடத்தில் கிடந்ததால் தாளில் அதன் தடம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

“எங்கேர்ந்து அத்தை?”

“ரிப்பன் கீற எடத்துலேர்ந்துதான். நீதானே வெச்ச?”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

ஒரே வரியில் தாண்டிய விஷயம்

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, ‘ஞானஸ்நானம் பெற்றேன், எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். வேண்டுமென்றுதான் தாண்டினேன். எழுதப் பயமாக இருந்தது.

என் பெயர் விசாகா. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் மட்டும் இருக்கும். சாமி கும்பிடும் பழக்கமில்லை. அம்மா எனக்கு மூன்று வயதில் இறந்துவிட்டார். அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா என்னைத் தனியாளாக வளர்த்தார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

புத்தருக்கு விகாரை கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் அது என்று நைனா சொல்வார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும், “விசாகத்துல பொறந்தியா?” என்று கேட்பார்கள். நைனாவுக்குக் கோபம் வரும். “நட்சத்திரத்தப் பாத்து வெச்ச பேரு இல்ல. யோசிச்சு வெச்ச பேருன்னு சொல்லு” என்பார்.

சாமுவேலை நான் சந்தித்தது தண்டையார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில். அவர் வீட்டில் ஞானஸ்நானம் எடுத்தால் கல்யாணம் என்றார்கள். நைனா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, “உன் மனசு, உன் வாழ்க்கை. பேர மட்டும் உட்ராத” என்றார்.

நான் விட்டேன்.

ஆலயத்தில் போதகர், “என்ன பெயர்?” என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், “எஸ்தர்” என்று சொல்லிவிட்டார். போதகர் அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. முன் வரிசைப் பெண்கள் சிலர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மூச்சு விடும் இடங்கள்

ரிப்பன் இருந்தது சுவிசேஷப் பகுதியில். ஜெப ஆலயத் தலைவர் ஒருவர் ஓடி வந்து இயேசுவின் காலில் விழுகிறார். மகள் சாகக் கிடக்கிறாள், வந்து கையை வையுங்கள் என்கிறார். இயேசு புறப்படுகிறார். வழியெல்லாம் கூட்டம் நெருக்குகிறது. பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் பின்னால் வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள், குணமாகிறாள். யார் தொட்டது என்று அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் வருகிறது: உங்கள் மகள் இறந்துவிட்டாள், இனி எதற்குப் போதகரைத் தொந்தரவு செய்வது?

அந்த வரியில்தான் ரிப்பன்.

அங்கிருந்து ஆரம்பித்தேன். வேதாகமத் தமிழ் எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழ். பத்திரிகைகளிலும் வராத தமிழ். ஆனாலும் நாக்கு தடுக்கவில்லை. பாதிப் பக்கம் போனபிறகுதான் ஏன் என்று புரிந்தது. வரிகளுக்கு மேலே பென்சிலால் பொடிப்பொடியாகக் கோடுகள் போட்டிருந்தன. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதற்கான கோடுகள். யாரோ அடுத்த நாள் படிக்க வேண்டியதை முந்தின நாளே தயார் செய்து வைத்திருக்கிறார்கள்.

யாரோ மூச்சு விட்ட இடங்களில் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

கதையில் இயேசு அந்த வீட்டுக்குப் போகிறார். அழுதுகொண்டிருப்பவர்களிடம், பிள்ளை சாகவில்லை, தூங்குகிறாள் என்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சிறுமியின் கையைப் பிடித்து எழுந்திரு என்கிறார். அந்த இடத்தில் மட்டும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அவருடைய சொந்தப் பேச்சிலேயே விட்டு வைத்து, பிறகு பொருள் சொல்லியிருக்கிறார்கள். புரியாத அந்தச் சொற்களை நான் சத்தமாகப் படித்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. சிறுமி எழுந்து நடக்கிறாள். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் சொல்கிறார்.

அதிகாரம் முடிந்தது. பென்சில் கோடுகளும் அத்தோடு முடிந்தன.

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். தட்டில் சோறும் வஞ்சிரக் குழம்பும் கொண்டுவந்தார். பிசைந்து உருட்டி என் வாயருகே நீட்டினார்.

“சாப்டு” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பயத்தால் மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கு நினைவு தெரிந்து ஒரு பெண்ணின் கையால் நான் உண்ட முதல் கவளம் அது.

தினமும் அதே பக்கம்

மறுநாள் அடுத்த அதிகாரத்தை ஆரம்பித்தேன். கோடுகள் இல்லாததால் திக்கினேன். மாமியார் முகம் சுளித்தார்.

“நேத்து ஒயுங்கா படிச்சியே. இன்னா ஆச்சு உனக்கு? அதையே படி.”

அதையே படித்தேன். அன்றும் ஊட்டினார். அதற்கு அடுத்த நாளும். ஒரு மாதம், அதற்கு மேலும், தினமும் மூன்று மணிக்கு அந்தச் சிறுமி செத்தாள், எழுந்தாள், சாப்பிட்டாள்.

இடையில் என் செருப்பு காணாமல் போனது. சுவரோரச் செருப்பை மாமியார் என் முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு ரோஸ் தாவணி வந்தது. “படிக்கிற நேரத்துக்கு மட்டும் கட்டிக்கமா” என்றார். தலையையும் இரட்டைப் பின்னலாகப் பின்னிவிட்டார். ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான பெண், தாவணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன்.

மீன் கொண்டுவரும் செல்வி அக்கா ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, என்னைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே நின்றுவிட்டாள்.

“இன்னா பெரிம்மா இது? அந்தப் பொண்ணு துணிய எடுத்து இத்துக்குக் குட்துகீறியே...”

“உனக்கு இன்னாமே? மீன வெச்சிட்டுப் போ” என்றார் மாமியார்.

செல்வி அக்கா அதற்குப் பிறகு மேலே ஏறி வருவதில்லை. கீழேயிருந்து குரல் கொடுப்பாள்.

வேதம் என்றால்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் நைனா கேட்கும் முதல் கேள்வி, “இதுல எது நெஜம், எது ரீல்?” என்பது. அந்தக் கேள்வியோடுதான் நான் வேதாகமத்தையும் தனியாக உட்கார்ந்து புரட்டினேன். அது ஒரு புத்தகமல்ல, ஒரு அலமாரி. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று இரண்டு தட்டு. அதற்குள் வம்ச வரலாறு, சட்டம், ராஜாக்களின் சண்டை, ஒப்பாரி, காதல் பாட்டு, சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். எஸ்தர் என்று ஒரு ராணியும் இருந்தாள். அவளுக்கு வேறு ஒரு பெயரும் உண்டு. அரண்மனைக்குப் போனபோது தான் எந்தச் சனம் என்பதை யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்தாள் என்று படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ராயபுரத்தில் யாரும் அதை நைனா கேட்ட மாதிரி கேட்டு நான் பார்க்கவில்லை. காய்ச்சலென்றால் தலைமாட்டில் வைப்பார்கள். வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதில் வந்த வசனத்தை அந்த வருடம் முழுக்கத் தங்களுக்கென்றே வந்த தபால் போலப் பத்திரப்படுத்துவார்கள். எப்போதோ யாருக்கோ சொன்னதை, ‘எனக்குச் சொன்னது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். விசுவாசிகளுக்கு வேதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு வேதம் என்பது ஒரு குரல். குரல் நின்றபோது வேதமும் நின்றுவிட்டது.

அப்படிப் புரட்டியபோதுதான் அந்தத் தாள் கையில் தட்டுப்பட்டது. முன் அட்டைக்கு அடுத்து, குடும்பத்தின் பிறப்பு, திருமணம், மரணம் எழுதும் பக்கம். அதை அடுத்த தாளோடு கஞ்சி தடவி ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து எழுத்துகள் தெரிந்தன.

பிறப்பின் கீழே: எஸ்தர்.

மரணத்தின் கீழேயும்: எஸ்தர்.

என் பெயரை அந்த இடத்தில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. சமையலறையிலிருந்து, “இன்னா எஸ்தரு?” என்று குரல் கேட்டது. “ஒண்ணுமில்லம்மா” என்றேன். அத்தை என்று சொல்லவில்லை. அம்மா என்று வந்துவிட்டது.

லாரி வரிசை

மறுநாள் காலை சாமுவேலோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய்க் கேட்டேன். அவர் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டார்.

எஸ்தர் அவருடைய தங்கை. பத்தொன்பது வயது. தினமும் மூன்று மணிக்கு அம்மாவுக்கு வேதம் படித்துக் காட்டுவாள். மஞ்சள் காமாலை என்று தெரியாமல் சோர்வு என்று நினைத்திருந்தார்கள். அன்று அந்த வரி வரைக்கும் படித்துவிட்டு, “மீதி நாளிக்கி படிக்கிறேம்மா” என்று ரிப்பனை வைத்துப் படுத்தாள். விடிந்தபோது நினைவில்லை.

“ஆட்டோல தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனோம். துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரிங்க ரெண்டு வரிசையா நின்னுகினு கீது. முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல. ரெண்டு மணி நேரம். அம்மா எறங்கி ஒவ்வொரு லாரியா கதவத் தட்டுச்சு. நான் அவள மடியில போட்டுகினு உக்காந்திருந்தேன்.”

ஏழு வருடம் ஆகிவிட்டது என்றார். கல்லறையில் பெயர்க்கல் வைக்கக்கூட அம்மா விடவில்லை என்றார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஏழு வருசமா அம்மா அடுப்புகிட்டயே போவல, விசா. கடைச் சோறுதான். உன்ன இட்டுகினு வந்த அன்னிக்கிதான் சோறு வடிச்சுது. எனக்கு அது போதும்னு தோணிச்சு.”

கோபம் வந்தது. ஆனால் நான் பெட்டியைக் கட்டவில்லை. அன்றும் மூன்று மணிக்குத் தாவணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இதை இன்றும் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. அந்த முதல் கவளத்தை நினைத்தால் காலெல்லாம் கனத்துப்போகும்.

அப்படி யாரும் இங்கே இல்லை

அதன் பிறகு ஒரு வாரம் போயிருக்கும். வீட்டில் எல்லோரும் அழும் இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். மாமியார் எழுந்துபோய்ப் பாதிக் கதவைத் திறந்தார்.

“விசாகா கீதா?” நைனாவின் குரல்.

“அப்டி யாரும் இங்க இல்லீங்க.”

“என் பொண்ணுங்க. சாமுவேல் சம்சாரம்.”

“சாமுவேலு சம்சாரம் ஊருக்குப் போய்கீது. உள்ள கீறது என் பொண்ணு. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. மாமியார் திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். “படி.”

என் விரல் வரியின் மேல் இருந்தது. நைனா படி இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ‘யாரோ யாரையோ தேடி வந்திருக்கிறார்கள், பாவம்’ என்று ஒரு நினைப்பு ஓடியது. நிஜமாகவே ஓடியது. அதைவிட மோசமாக நான் எதற்கும் பயந்ததில்லை.

கடைசிப் படியின் சத்தம் நின்றதும்தான் எழுந்தேன். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். நைனா கையில் பன் பொட்டலத்தோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

“நைனா!”

நிமிர்ந்து பார்த்தார். ரோஸ் தாவணி, இரட்டைப் பின்னல். அவர் கண் என் முகத்தில் பட்டு, நிற்காமல், பக்கத்து ஜன்னலுக்குப் போனது. அங்கே யாரும் இல்லாததால் திரும்பி வந்தது.

“நைனா, நான்தான். விசாகா.”

அந்தப் பெயரைச் சொல்ல நான் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெயர் போடாத பெண்

சண்டை வருமென்று நினைத்தேன். நைனா மேலே வந்து பன் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என்னையும், மாமியாரையும், மடக்கி வைத்த புத்தகத்தையும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் தடுக்கவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா படிச்சிகினு இருந்த? படி, நானும் கேக்குறேன்” என்றார் நைனா.

படித்தேன். முடியும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மாமியாரைப் பார்த்துக் கேட்டார்:

“இந்தக் கதையில அந்தப் பொண்ணு பேரு இன்னாங்க?”

மாமியார் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அத்தனை நாள் படித்தும் கவனித்ததில்லை. அப்பன் பெயர் இருந்தது. பெண்ணின் பெயர் இல்லை.

“பேரு போடல” என்றேன்.

நைனா தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உங்க பொண்ணுக்கு நல்ல பேரு வெச்சிருந்தீங்க. அத எம் பொண்ணுக்குக் குட்துட்டீங்க. எம் பொண்ணு செத்தா எனக்குச் சொல்லிக்க அவ பேராவது மிஞ்சும். இப்ப உங்க பொண்ணுக்கு இன்னா மிச்சம் கீது?”

மாமியாரின் கை தரையில் எதையோ தேடுவது போல அங்கும் இங்கும் போனது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. கதவு கதவாகத் தட்டிய ஒருத்தி ஏழு வருடம் கழித்துக் கையை எடுத்த மாதிரி இருந்தது.

“அவரு ஏன் வயில நின்னாரு?” என்று கேட்டார். நைனாவிடமோ என்னிடமோ அல்ல. “அந்தப் பொம்பள பன்னண்டு வருசம் பொறுத்தா. இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டாளா?”

நைனா எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த அதிகாரம்

நான் நைனாவோடு வியாசர்பாடிக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேன். திரும்பி வரக் கூடாது என்றுதான் போனேன். பதினோராவது நாள் சாமுவேலோடு மாமியாரே வந்தார். வாசலில் நின்றபடி, என் பழைய செருப்பைப் பையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியாது.

“படிக்கிறதுக்கு ஆள் இல்ல” என்றார். “அந்தப் பக்கம் வேணாம். அடுத்தது படி. திக்கினாலும் பரவால்ல.”

“அத்தை, அவர் அந்தப் பெண்ண எழுப்பினார்னு போட்டிருக்கு. உங்களுக்கு...” எனக்கு முடிக்கத் தெரியவில்லை.

“அந்தப் பொண்ண எழுப்புனாரு. எம் பொண்ண எழுப்பல. ரெண்டும் தெரிஞ்சிதான் படிக்கச் சொல்றேன்.”

வேதாகமத்தைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சின்னதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் போனேன். என் பெயரோடு போனேன். விசுவாசி ஆனேனா என்று கேட்காதீர்கள். படிக்கிறவளாக ஆனேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பெயர்க்கல் வந்தது. கறுப்புக் கல். மற்றவர்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கப் போயிருந்தபோது மாமியாரும் நானும் மட்டும் அதன் முன்னால் நின்றோம். அவர் குனிந்து, வெட்டிய எழுத்துகளை விரலால் தடவினார்.

“இன்னா போட்டுகீது? படி.”

படித்தேன். பெயர், பிறந்த நாள், இறந்த நாள். இறந்த நாளைச் சொல்லும்போது என் குரல் நின்றது.

“முயுசா படி” என்றார்.

முழுசாகப் படித்தேன். அவர் முந்தானையால் கல்லில் படிந்திருந்த கரியைத் துடைத்தார். கண்ணையும் அதே முந்தானையால் துடைத்தார். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வா, விசாலம். போலாம்.”

அவர் வாயில் அது அப்படித்தான் வந்தது. சாகும் வரை அப்படித்தான் கூப்பிட்டார். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.